கட்டம் தெரியாத படிவம்

காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தபோது சின்னவள் அலுவலக நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. கைப்பை இன்னும் தோளில்தான் இருந்தது.

"ஏண்டி, உன் படிவத்துல கேள்வி மட்டும்தான் வருது. பதில் எழுத இடத்தைக் காணோம்," என்றாள் அக்கா.

"இடமா? கட்டம் கட்டமா இருக்குமே."

"கட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்க பன்னெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்க. நீ கிளம்பி வா."

அக்கா ஒரு கண் மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். சின்னவள் கம்ப்யூட்டரில் படிவங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களின் விவரத்தை இன்னும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோமே, என் தங்கை அழகாக ஒரு படிவம் செய்து தருவாள் என்று பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னதே அக்காதான். பெரிய டாக்டர் லேசில் தலையாட்டுகிற மனிதர் இல்லை. "முதல் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே வந்து பார்ப்பேன். ஓடினா ஓடட்டும். ஓடலேன்னா மறுநாளே நோட்டு திரும்பி வந்துடும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்று சொல்லியிருந்தார். அந்த முதல் நாள் இதுதான். மூன்று மாச உழைப்பும் அக்கா கொடுத்த வாக்கும் ஒரே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். கவுண்டருக்குள் நுழைந்து அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரே வரி. "பெயர்வயதுமுகவரிமுதல்தடவையாபழையசீட்டுஎண்எந்தக்கண்என்னதொந்தரவுகண்ணாடிஉண்டாஅனுப்பு." கூட்ட நேரத்துப் பஸ்ஸில் ஆட்கள் நிற்பதுபோல, மூச்சுவிட இடமில்லாமல் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

விஷயம் இதுதான். அவள் அந்தப் படிவத்தை எக்ஸ்எம்எல் என்கிற முறையில் எழுதியிருந்தாள். அதில் என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். இங்கே பெயர், இங்கே வயது, வயது எண்ணாக இருக்க வேண்டும், நூற்றிருபதைத் தாண்டக் கூடாது, இப்படி. அதைக் கட்டமாகவும் பொத்தானாகவும் மாற்றிக் காட்டுகிற வேலையை, படிவத்தைத் திறப்பவரின் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரவுசரின் தலையில் கட்டிவிட்டாள். பிரவுசருக்கு அந்த வித்தை தானாக வராது. அதற்கென்று ஒரு சின்ன இணைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். தன் கம்ப்யூட்டரில் அதை இரண்டு வருஷத்துக்கு முன்பே போட்டுவிட்டு, போட்டதையே மறந்துபோயிருந்தாள். சோதித்துப் பார்த்ததெல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான். மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எனக்குக் கண் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது பாருங்கள் என்று சொல்லித் திரிந்த கதைதான்.

"அவ்வளவுதானா? அந்த இணைப்பை இதுலயும் போட்டுவிடு," என்றாள் அக்கா.

"போட்டுடலாம். அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷத்தில் ஆகவில்லை. அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவருக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கவுண்டர்காரர்கள் வைத்தது. எதையும் யாரும் தொட முடியாதபடி பூட்டிவைப்பார். அவருடைய அறைக்குப் போய்ச் சின்னவள் கேட்டாள்.

"முடியாதும்மா," என்றார், தலையைக்கூடத் தூக்காமல்.

"அண்ணே, ஒரே ஒரு சின்ன இணைப்பு."

"போன தடவையும் ஒரே ஒரு சின்ன சீட்டு விளையாட்டுன்னுதான் சொன்னாங்க. நாலு நாள் மெஷின் எந்திரிக்கல. கவுண்டர் மெஷின்ல ஒரு துரும்பு சேரக் கூடாது. வேணும்னா இதோ, எல்லா மெஷினுக்கும் பக்கம் அனுப்புற சர்வர் கிடக்கு." மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த பெரிய பெட்டியைக் காலால் காட்டினார். "அதுல ஒரு மூலை தரேன். என்ன வேணா ஆடிக்கோ. கவுண்டர் பக்கம் மட்டும் போகாதே."

அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினாள்.

வந்து பார்த்தால் வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது. அக்கா திரையில் ஒட்டிக்கிடக்கும் கேள்விகளைத் தானே பிரித்துப் படித்து, ஆளைப் பார்த்துக் கேட்டு, பதிலை வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு தாள்.

"நோட்டை எடுத்திருக்கலாமே அக்கா."

"நோட்டை எடுத்தா நீ தோத்துட்டேன்னு ஆயிடும். தாளுக்கு அந்தப் பேச்சு இல்ல," என்றாள் அக்கா. பிறகு முன்னால் நின்ற கிழவரிடம், "ஐயா, முதல் தடவையா, முன்னமே வந்திருக்கீங்களா?" என்றாள்.

"முதல் தடவைம்மா."

அடுத்து வயது. அடுத்து எந்தக் கண். அந்த மூன்றைக் கேட்டதும் மற்ற கேள்விகளில் பாதியை அவளே விட்டுவிட்டாள். முதல் தடவை வந்தவரிடம் பழைய சீட்டு எண்ணை எதற்குக் கேட்பது? சின்னப் பிள்ளைகளுக்கான கேள்வி கிழவருக்கு எதற்கு? வந்தவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பிரித்தெடுத்து, பக்குவமாக அவர் முன்னால் வைத்தாள். கிழவர் வாய் திறந்து பதில் சொன்னாரே தவிர வேறு எந்தச் சிரமமும் படவில்லை.

சின்னவள் அப்படியே நின்றாள். "எல்லா வேலையையும் இந்தப் பக்கமே முடிச்சுடற."

"பின்ன? கண்ணு தெரியலேன்னு வந்தவங்ககிட்ட வேலை குடுக்கவா? நீதான் சட்டை வாங்க வந்தவன்கிட்ட துணியும் நூலும் குடுத்து, தச்சுப் போட்டுக்கோன்னு சொல்லியிருக்க."

பூட்டு காலால் காட்டிய பெட்டி அப்போதுதான் மண்டையில் ஏறியது. சின்னவள் திரும்பி ஓடினாள்.

"அண்ணே, அந்த மூலையைத் தரேன்னீங்களே."

"தரேன். செருப்பை வெளிய விடு."

மேசையின் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். படிவத்தை அப்படியே வைத்துக்கொண்டாள், அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதைக் கட்டமாக மாற்றும் வேலையை மட்டும் பிரவுசரிடமிருந்து பிடுங்கிச் சர்வரிடம் கொடுத்தாள். இனிமேல் கவுண்டருக்குப் போய்ச் சேருவது தைத்து மடித்த சட்டை. எந்தப் பழைய மெஷினும் அதைக் காட்டிவிடும். மூன்று மணிக்கு முதல் கட்டம் திரையில் வந்தது. பூட்டுகூட நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பார்த்தார்.

ஆனால் புதுத் தலைவலி ஒன்று கூடவே வந்தது. முன்பெல்லாம் ஒரு பதிலை அடித்ததுமே அடுத்த கேள்வி அங்கேயே மாறிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கம் சர்வருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. கேள்விக்கு ஒரு தரம் திரை வெளுத்து வெளுத்து வந்தது.

"இதுக்கு நோட்டே தேவலை," என்றார் பூட்டு.

சின்னவள் கீபோர்டைத் தள்ளிவைத்தாள். அக்கா கேட்ட வரிசையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவையா, வயது என்ன, எந்தக் கண். அந்த மூன்றையும் முதல் பக்கத்தில் வைத்தாள். மற்றவை எல்லாம் அந்தப் பதில்களைப் பார்த்து, வேண்டியது மட்டும் இரண்டாம் பக்கத்தில் வரும். போய்வருவது ஒரே தரம்.

ஐந்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். கவுண்டர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தானே நோயாளியாகவும் ஆகிக்கொண்டு, இரண்டு விரலால் தட்டினார். அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றாள். பொத்தானை அழுத்தியதும் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அதே பக்கம்தான் வந்தது. வயதுக் கட்டத்தின் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி: வயதைச் சரிபார்க்கவும்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஐந்நூற்று எண்பத்தாறு என்று அடித்திருந்தார்.

"விடமாட்டேங்குதே."

"எங்க வீட்டுச் சின்னவ செஞ்சது டாக்டர். அது அப்படித்தான்," என்றாள் அக்கா.

திருத்தி அனுப்பினார். இரண்டாம் பக்கம் ஐந்தே கேள்விகளோடு வந்து நின்றது. பதில் எழுதி முடித்தார், எழுந்தார். "நோட்டையெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு நடந்துபோனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா ஒரு கட்டுத் தாளை எடுத்துத் தங்கையின் மடியில் போட்டாள். காலையிலிருந்து கையால் எழுதியவை, நாற்பத்திரண்டு.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல யாரு ஏத்துறதாம்?"

"நீ படி, நான் அடிக்கிறேன்," என்றாள் சின்னவள்.

வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஒருத்தி படிக்க, ஒருத்தி அடிக்க, தாள்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசித் தாளை அக்கா படிக்காமல் நீட்டினாள். அதில் அக்காவின் பெயர்தான் இருந்தது. முதல் தடவை. இரண்டு கண்ணும். என்ன தொந்தரவு என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: காலையிலிருந்து எழுத்து மட்டும் தெரிகிறது, கட்டம் தெரியவில்லை.

"இதையும் ஏத்தணுமா?"

"ஏத்து. டாக்டர் நாளைக்குப் பார்க்கட்டும்," என்றாள் அக்கா.