எதிர்முறுக்கு

சென்னகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது. நூல் மில் முதலாளி, போத்தனூரில் நாலு பேர் மதிக்கிற மனுஷன். ஆனால் பெற்ற மகள் ஹர்ஷிணி, கல்யாண வரவேற்பில் வாசலில் வைக்கச் சின்னதாக ஒரு பாய்மரக் கப்பல் வேண்டுமென்று பக்கத்து வீட்டுத் தம்பிதுரையிடம் போய்க் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வம்சிக்குக் கப்பலில் வேலை; அதனால் வந்த ஆசை.

தம்பிதுரை வார்ப்படப் பட்டறைகளுக்கு மர அச்சு செய்பவர். சின்னச் சின்னக் கப்பல் செய்கிற பைத்தியம் அவருக்கும் சென்னகிருஷ்ணனுக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது.

"நான் செஞ்ச கப்பலு கண்ணுக்குத் தெரியலையா அம்மணி?"

"உங்க கப்பல்ல பாய்மரம் சாயுதுங்கப்பா. மாமா செஞ்சது நேரா நிக்குது."

உண்மைதான். அதுதான் பொறுக்கவில்லை. பாய்மரம் நிற்பது கயிறுகளின் தயவில். முன்னால் ஒன்று இழுத்தால் அதே அளவு பின்னால் ஒன்று இழுக்க வேண்டும். அந்தப் பக்குவம் மரக்காரர் கைக்கு வந்தது, நூலிலேயே பிறந்து வளர்ந்தவர் கைக்கு வரவில்லை.

மறுநாள் தம்பிதுரையே வந்தார். "ஏனுங்க, நம்ம கண்ணு கல்யாணமுங்க. கயிறு உங்க மில்லு நூல்லதான் திரிக்கோணும்னு இருக்கேன்."

"அதுக்கென்னுங்க" என்று சிரித்தார் சென்னகிருஷ்ணன். குடோனில் எதிர்முறுக்காக ஓட்டிய நூல் சுற்றிய கோன் ஒன்று கிடந்தது. அதை வழக்கமான பக்கமே திரித்தால் கயிற்றில் முறுக்கு நிற்காது, மெல்லப் பிரிந்து தளரும். மில்காரனுக்குத் தெரியும், மரக்காரனுக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டார்.

வரவேற்பன்று காலையில் கப்பல் ஜம்மென்று நின்றது. மாலையில் கூட்டம் சேர்ந்த நேரத்தில் கயிறுகள் தொய்ந்து, நடுப்பாய்மரம் குடிகாரனைப் போலச் சாய்ந்தது. சென்னகிருஷ்ணனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காந்திபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சம்பந்தி ராமுலு குனிந்து கயிற்றைத் தடவிப் பார்க்கும் வரைக்கும்தான் அந்தக் குளிர்ச்சி.

"எந்த மில்லு நூலுங்க இது?"

தம்பிதுரை முந்திக்கொண்டார். "உங்க சம்பந்தி மில்லுதானுங்க. நூல் மேல குத்தமில்லீங்க. நாந்தான் கட்டத் தெரியாம கட்டிப்போட்டேன்."

"விடுங்க மாமா" என்று ஹர்ஷிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சென்னகிருஷ்ணனுக்கு வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. கவிழ்த்துவிட்ட பிறகும் ஜெயித்தது அந்த மனுஷன்தான்!

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, உங்க நூலு உங்க கைக்குத்தான் அடங்கும். நீங்க கட்டிக் குடுங்க."

இத்தனை நாளாக அவர் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். மண்டபமே பார்க்க மண்டியிட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பாய்மரம் நிமிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா, எங்கப்பா!" என்றாள் மகள்.

அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. விரலுக்கடியில் அது பிரிந்துகொண்டிருந்தது. பந்திக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை.