நீங்க எந்தப் புள்ளிங்க?

"மேடம், கீழ ஒரே ஷெட்டா இருக்குங்க. வேற ஒண்ணும் தெரியலீங்க!"

ஹெட்செட்டில் வந்த குரல் நடுங்கியது. தனியாக விமானம் ஓட்டிப் பழகும் மாணவன், வழி தவறிவிட்டான். கதிர் என்று பேர், அது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ரேடாரைப் பார்த்து விமானங்களுக்கு வழி சொல்வது என் வேலை. அன்றைக்குத்தான் அதற்கான லைசென்ஸ் தேர்வு. என் நாற்காலிக்குப் பின்னால் தேர்வாளர் ராமுலு சார்.

வழக்கமாக இது கஷ்டமே இல்லை. நாங்கள் கொடுக்கும் நாலு இலக்க எண்ணை விமானத்திலுள்ள கருவி ரேடாருக்குச் சொல்லும். திரையில் புள்ளிக்குப் பக்கத்திலேயே விமானத்தின் பெயர் வந்துவிடும். கதிருடைய கருவி செத்துப்போயிருந்தது. திரையில் பெயரில்லாத புள்ளிகள் இரண்டு, இரண்டுமே கிழக்கே நகர்ந்தன. ஒன்று பெருந்துறைப் பக்கம், இன்னொன்று அன்னூருக்கு வடக்கே. இதில் எது இவன்? ஷெட் என்றதும் எனக்குத் தொழிற்பேட்டைதான் தோன்றியது.

"பெருந்துறை சிப்காட்டுங்களா?"

"ஆமாங்க மேடம், அதேதானுங்க."

அப்படியென்றால் எங்கள் ரன்வே இருக்கும் மேற்கே திருப்பிவிட்டால் போதும். சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த ஆமாங்க ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. என் அப்பாவும் இப்படித்தான். டாக்டர் "வலி கொறஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டால், இடுப்பைப் பிடித்துக்கொண்டே "ஆமாங்க" என்பார். கேட்டவர் மனம் கோணக்கூடாது. ஊரை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இவன் வாங்கிக்கொண்டான்.

"வலப்பக்கம் முப்பது டிகிரி திரும்புங்க."

"திரும்பறனுங்க."

ரேடார் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பெருந்துறைப் புள்ளி அதுபாட்டுக்கு நேராகப் போனது. அன்னூர்ப் புள்ளி மெல்ல வலப்பக்கம் ஒடிந்தது.

அங்கிருந்து மேற்கே போனால் மலை. மலை முழுக்க மேகம்.

"நீங்க அன்னூர் தாண்டி இருக்கறீங்க. கீழ தெரியறது கோழிப் பண்ணைங்க. இப்ப தெற்க திரும்புங்க."

"அப்ப சிப்காட் இல்லீங்களா?"

"இல்லீங்க. பொறவு ஏனுங்க ஆமான்னீங்க?"

"நீங்க சொன்னீங்களேன்னுதானுங்க..."

பின்னால் ராமுலு சார் சிரிப்பை அடக்குவது கேட்டது. "இதெல்லாம் ரெக்கார்ட் ஆகுது, அம்மணி" என்றார்.

அன்னூர்ப் புள்ளிக்குப் பக்கத்தில் அவன் விமானத்தின் பெயரை நானே தட்டினேன். அதை இறங்குமுகமாகத் தெற்கே கூட்டிவந்தேன். ரன்வே தெரிகிறது என்று அவன் சொன்னபோது அழுதுவிடுவான்போல் இருந்தது. எனக்கும்தான்.

தேர்வில் என்ன ஆனேன் என்று கேட்கத் திரும்பினேன். ராமுலு சார் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். மார்க் போடும் தாள் மடியில் வெறுமையாகக் கிடந்தது. அவர் கண் திரையின் கிழக்கோரத்தில், அந்தப் பெருந்துறைப் புள்ளிமேல் இருந்தது.

"அப்ப அது யாருங்க?"

"கொக்குக் கூட்டமா இருக்குமுங்களா, சார்?"

"இத்தன நேராவா?"

கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலில்லை. புள்ளி காவிரியை நெருங்கிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் இம்மி இம்மியாக நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் திரைக்கு இன்னும் கிட்டத்தில் குனிந்தோம்.