முகம் தெரிந்த சிப்பாய்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு புகைப்படமாக வந்தது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஒரு வகுப்பறை, எதிரெதிர்ச் சுவர்களில் ஓவியங்கள், நடுவில் கைகளை விரித்துச் சிரிக்கும் ஒரு சிறுமி. அவள் ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தாணுலிங்கம் சார்...

(வேண்டாம். மழைக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

தாணுலிங்கம் சுசீந்திரத்திலிருந்து பஸ் மாறித் தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பள்ளிக்கு வருகிற வரலாற்று ஆசிரியர். எட்டாம் வகுப்பில், திருவிதாங்கூர் டச்சுக்காரரை வென்ற குளச்சல் போர்ப் பாடத்தை நடத்தியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவர் புத்தகத்தை மூடினார்.

"ஆளுக்கொரு சார்ட் வரைங்க மக்கா. சேத்து ஒட்டினா முழுப் போரும் சுவருல நிக்கணும். பெற்றோர் கூட்டத்துக்கு வாறவங்க அசந்து போகணும். பத்துக்கு மார்க் உண்டு."

இருபத்திரண்டு சார்ட்டுகள் வந்தன. இருபத்தொன்றில் திருவிதாங்கூர்ச் சிப்பாய்களின் முதுகு. அதற்கப்பால் கடல், டச்சுக் கப்பல்கள். ரெஜிஷாவின் சார்ட்டில் மட்டும் சிப்பாய்களுக்கு முகம் இருந்தது. பின்னால் மலைகள்.

"கப்பல் எங்க மக்கா?"

"நமக்குப் பின்னால நிக்கு சார்."

வகுப்பே சிரித்தது. "கப்பல் முங்கிப் போச்சு சார்!" என்றான் பிபின்.

தாணுலிங்கம் ஒட்டிப் பார்த்தார். பக்கத்துப் படங்களோடு சேரவில்லை. சிவப்பு மையில் இரண்டு மதிப்பெண் போட்டு, சுருட்டி அலமாரி மேல் வைத்தார். ஒரு வாரம் வரைந்த படம். அம்மா வந்து தேடுவாளே என்பதுதான் ரெஜிஷாவின் கவலை.

3

ஒரு வரைவில் தாணுலிங்கத்தைக் கெட்டவராகவே எழுதினேன். பொய்யாக இருந்தது. தினமும் சாமி கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவர். பசியோடு வரும் பிள்ளைக்குத் தன் இட்லிப் பொட்டலத்தைக் கொடுக்கிறவர். அந்தப் படம் அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

4

மீன் விற்றுவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்த அம்மா லீமா, சுவர் முழுக்கத் தேடினாள்.

"எம் பிள்ள வரையலியா சாரே?"

அவர் தயங்கி எடுத்துக் கொடுத்தார். லீமா சிவப்பு எண்ணைப் பார்க்கவில்லை, மலைகளைப் பார்த்தாள்.*

"ஏட்டி, அப்பாட்ட கேட்டியா? இந்த ரெண்டு மலையும் இப்பிடி ஒண்ணுக்குப் பின்ன ஒண்ணா தெரியணும்னா கொளச்சலுக்கு நேரே கடலுக்குள்ள நிக்கணும்லா!"

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "சாரே, நீங்க எல்லாரும் கரையில நின்னு பாத்திய. இவ கடல்ல நின்னு பாத்திருக்கா. பின்ன ஒரே சுவருல எப்பிடிச் சேரும்? எதுத்தாப்புல ஒட்டுங்க."

ஒட்டினார்கள். நடுவில் முதலில் போய் நின்றவன் பிபின்தான்.

"ஏலே! முன்னால கப்பலு! திரும்பினா பட்டாளம் ஓடி வருது! நான் போருக்குள்ள நிக்கேம்லே!"

நடுவில் நிற்க வந்தவர்களின் வரிசை வராந்தாவைத் தாண்டியது. தலைமையாசிரியையும் அதில் நின்றார். தாணுலிங்கம் ரெஜிஷாவிடம் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்குப் புரியல மக்கா. மன்னிச்சிரு" என்றார்.

அவள் நடுவில் போய்க் கைகளை விரித்தாள். அப்போதுதான் யாரோ படம் எடுத்தார்கள்.

* ரெஜிஷாவின் அப்பாவைப் போலக் கடலில் போகிறவர்கள் கரையின் மலைகளை வைத்துத் தாங்கள் நிற்கும் இடத்தை அறிவார்கள். தாணுலிங்கத்துக்கும் அன்றுதான் இது தெரிந்தது.

5

மாவட்டப் பரிசு கிடைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். ரெஜிஷா பேராசிரியர் ஆவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். ஒரு வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதற்கு மேல் பெரிய பரிசு எதையும் கடவுள் என் கையில் தரவில்லை.

மறுநாள் தாணுலிங்கம் சார்ட்டில் போட்ட அந்த இரண்டு மதிப்பெண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டார். சிவப்புப் பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன். எழுதுமுன் ஒருமுறை நடுவில் போய் நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள்.

பத்துக்கு (      )