பேச்சில்லாத நாலு பக்கம்

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகாத கை. அந்தக் கையை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸ் வகுப்பில் சேர்ந்தாள். மூன்றே வாரத்தில், ஏன்தான் சேர்ந்தோமோ என்றாகிவிட்டது.

வரைவதில் குறையில்லை. கதைதான் வரவில்லை. கட்டம் போட்டு, அதற்குள் ஒரு பெண்ணை நிறுத்துவாள். அந்தப் பெண் தேமே என்று நிற்பாள். அடுத்த கட்டத்திலும் அப்படியே நிற்பாள். பக்கத்து மேசை வங்கிக்காரரோ குச்சி குச்சியாய் மனிதர்களை வரைந்தே வகுப்பைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது சரிப்படாது" என்றாள், வகுப்பெடுப்பவளிடம். இவளைவிடப் பத்து வயது சின்னவள்; தத்தித் தத்தி நடப்பதால் எல்லோருக்கும் 'குருவி'. "எனக்குக் கை மட்டும்தான் இருக்கு. கதை சொல்றவ கடல் தாண்டிப் போயிட்டா."

தங்கையைத்தான் சொன்னாள். சிறுவயதில் அக்கா வரைய, தங்கை கதை சொல்ல, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தங்கை கல்யாணமாகிப் போய்ப் பதினொரு வருடம். போனில் சாப்பாடு, உடம்பு, மழை என்று ஒப்பேற்றுவார்கள். 

"கதையே வேணாம்க்கா" என்றாள் குருவி. "இந்த வாரம் கடையில நடந்த ஒண்ணை வரைங்க. பேச்சுக்கூட வேணாம்."

புதன்கிழமை ஒரு லாரி ஓட்டுநர் தன் முதல் கண்ணாடியை வாங்க வந்தார். மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர், எதிர்ச்சாரி போர்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பல் டாக்டர் போர்டில் இருந்த போன் நம்பரைக்கூட விடவில்லை. கடையே சிரித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா குத்துமதிப்பாத்தான் ஓட்டியிருக்கேனாம்மா?" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதைத்தான் வரைந்தாள். மூன்று தடவை கிழித்துப் போட்டாள். நாலாவது தடவை, மங்கலான தெருவும் துலங்கிய தெருவும் மடியில் கழற்றி வைத்த கண்ணாடியும் வாசலில் நிற்கும் லாரியுமாக நாலு பக்கம் தேறியது. யோசித்தால் துணிச்சல் போய்விடும் என்று, படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பதிலே இல்லை. அனுப்பியிருக்கக் கூடாது என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

மூன்றாம் நாள் மதியம் தங்கையிடமிருந்து போன் வந்தது. "அந்த ஆளு அப்புறம் வண்டி எடுத்தாரா இல்லையா?"

"எடுத்தாரு. அரை மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்துட்டு."

"அந்த அரை மணி நேரத்தை ஏன்க்கா விட்ட? அதுலதானே விஷயமே இருக்கு!"

"கதையெல்லாம் உன் வேலைடி. எனக்கு எங்க வரும்?"

"யாரு சொன்னா? நான் என்னிக்காவது முதல்ல வாயைத் திறந்தேனா? நீ வரைஞ்சு நீட்டுவ. வாசல்ல நாய் படுத்திருக்கும், ஜன்னல்ல ஒரு கை தெரியும். பார்த்ததை நான் வாய்விட்டுச் சொல்லுவேன். அவ்வளவுதான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்படியா நடந்தது? எத்தனை யோசித்தும் நினைவு பிடிபடவில்லை. தங்கை பொய் சொல்லித் தேற்றுகிறவளும் இல்லை.

"இங்க எனக்கு யாருக்கா வரைஞ்சு நீட்டுறா?" தங்கையின் குரல் கம்மியது. "ரெண்டு நாளா அந்த நாலு பக்கத்தையே பார்த்துட்டு இருந்தேன். உடனே பேசினா அழுதுடுவேன்னுதான் பேசல."

அந்த அரை மணி நேரத்தை வரைய இன்னும் இரண்டு பக்கம் ஆனது. அதை முடித்த கையோடு புதுத் தாளை எடுத்தாள். தங்கையை அவளுடைய சமையலறையில் வரைய ஆரம்பித்தாள். அந்த வீட்டை இவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பாதியில் பென்சில் நின்றுவிட்டது. போன் போட்டாள்.

"உன் அடுப்படியில ஜன்னல் எந்தப் பக்கம்டி?"

"அடுப்புக்கு நேரா. திறந்தா அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும்."

"சுவர் என்ன கலரு?"

தங்கை எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.