மண்ணீரல் பரீட்சை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்தான் முதலில் வளர்கிறது. காலையிலிருந்து எத்தனை பேர் வந்து வயிற்றை அமுக்கிவிட்டுப் போனார்கள்! ஒருத்தராவது வலிக்கிறதா என்று கேட்க வேண்டுமே! டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சைக்குக் கிழவரின் வீங்கிய மண்ணீரல்தான் கேள்வித்தாளாம். நர்ஸம்மா கெஞ்சினாள் என்று படுத்துக் கிடந்தார்.

இப்போது வந்துபோன பையனுக்கு ஒரே அலட்சியம்; விசிலடிக்காத குறை. விரல் பட்டதோ இல்லையோ, காதருகே குனிந்தான்.

"பெரியவரே, உங்களுக்கு என்ன வியாதின்னு சொன்னாங்க?"

"பரீட்சை உனக்கா, எனக்கா?"

அடுத்து வந்த பெண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனாவை மூடினாள், திறந்தாள், கதவைப் பார்த்தாள்.

"கை சில்லுன்னு இருக்கும் தாத்தா."

"ஐஸ் பெட்டியிலயா வச்சிருந்தே?"

உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, வலது அடிவயிற்றில் தொடங்கி இடது விலா நோக்கி விரல்களை நகர்த்தினாள். நடுவழியில் நின்றாள்.

"மண்ணீரல்தான். போன பரீட்சையிலயும் முதல்ல சரியாத்தான் சொன்னேன். 'நிச்சயமா?'ன்னு கேட்டாங்க, உடனே மாத்திட்டேன். ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"கேட்டதுக்கே குப்புற விழுந்தியா? நல்லா வைத்தியம் பார்ப்பே!"

பரீட்சை வைக்கும் பெரிய டாக்டர் வந்து நின்றார்.

"என்ன கண்டுபிடிச்சே?"

"மண்ணீரல் வீங்கியிருக்கு சார்."

"கிட்னியா இருக்கக் கூடாதா? நிச்சயமா?"

அவள் முகம் வெளிறியது. உதடு "கிட்" வரைக்கும் போய்விட்டது. 'போச்சுடா' என்று நினைத்த கிழவர், பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் பார்த்துக்கவா சார்?"

"நேரம் முடியப்போகுது."

"பரவாயில்ல சார்."

விலாவுக்குக் கீழே விரலை நுழைக்கப் பார்த்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள்.

"விலாவுக்கும் வீக்கத்துக்கும் நடுவுல விரல் போகல. மூச்சு இழுத்தா வலப்பக்கமாச் சரிஞ்சு இறங்குது; கிட்னின்னா நேரா இறங்கும். மண்ணீரல்தான் சார்."

"நிச்சயமா?"

"ஆமா சார்."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் மாற்றவில்லை.

சாயங்காலம் வராந்தாவில் ஓடி வந்து வழிமறித்தாள்.

"தாத்தா, தேறிட்டேன்! இனிமே யாரு கேட்டாலும் பயமே இல்ல."

"ஒரே ஒரு வயித்தத் தொட்டதுக்கேவா?"

அவள் சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. பயந்தால் கை சில்லிட்டுப்போகிறது, பயம் விட்டுப்போனால் அந்தப் பையனைப் போலக் கண்மண் தெரிவதில்லை. இதில் எதை நம்பி ஒருத்தன் படுப்பது? ஆஸ்பத்திரி உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, முனகியபடியே வார்டுக்குள் நடந்தார்.