காத்திருப்போர் கூடத்துக்கான நாற்காலிகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. தொழில்முனைவோருக்கான மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் போன் செய்து, வெற்றிகரமான தொழிலை உருவாக்குவதில் தீராத ஆர்வத்தின் பங்கு என்று தலைப்பையும் அவரே சொல்லி, இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார்.

“உதாரணத்துக்கு ஒரு ஆள் வேணும் சார். மனசுக்குப் பிடிச்ச வேலையைச் செஞ்சு ஜெயிச்ச ஆள். போட்டோவுல நல்லா விழற ஆளா இருந்தா இன்னும் நல்லது.”

நாற்காலிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்போது அவர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்று முறை தொடங்கினேன். மூன்றையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

‘வெற்றி பெற்ற ஒவ்வொரு தொழிலுக்குப் பின்னாலும் ஒரு தீராத...’ (இதை நான் முடிக்கத் தேவையில்லை. நீங்களே முடித்திருப்பீர்கள்.)

‘பட்டறைக்குள் நுழைந்ததும் மரத்தூளின் மணம்...’ (பொய். முதலில் வந்தது பசையின் நாற்றம்.)

‘அவர் செய்வது நாற்காலிகள் அல்ல...’ (நாற்காலிகள்தான்.)

நான்காவது முறை அவருடைய மனைவி பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அது கட்டுரையாக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை.

2

கடை என்பது இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேஜை, அதற்கு எதிரே சாய்மானம் இல்லாத நீளமான பெஞ்ச். பின்னறை பட்டறை. நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல்.

நாற்காலி வேண்டுமென்று வருகிறவர் முதலில் பெஞ்சில் உட்கார வேண்டும். மேஜையில் இருக்கும் மனைவி பேச்சுக் கொடுப்பார். வீடு எந்தப் பக்கம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், மாடி வீட்டுக்காரன் இன்னும் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தூங்குகிறானா. பேச்சு சுவாரசியத்தில், வந்தவர் தன் உடம்பை மறந்துவிடுவார். அந்த நேரத்துக்காகத்தான் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலிக்காரர் காத்திருப்பார். எந்தப் பக்கம் சாய்கிறார், கால் எங்கே போகிறது, எழுந்திருக்கும்போது கை எதைத் தேடுகிறது. அதைப் பார்த்த பிறகே மரத்தைத் தொடுவார். முதுகுவலிக்காரர்கள், தையல்காரர்கள், பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவராகக் கூட்டம் சேர்ந்தது.

என்னையும் உட்கார வைத்தார்கள். சிறிது நேரம் கழித்து நாற்காலிக்காரர் வெளியே வந்து, “உங்களுக்கு இடுப்பு ஒரு பக்கமா இறங்கியிருக்கு சார். ரொம்ப வருஷமா இருக்கும்” என்றார். முகத்தில் அவ்வளவு கவலை.

மனைவி தலையை நிமிர்த்தாமல், “பின் பாக்கெட்டுல இருக்கிற பர்ஸை எடுக்கச் சொல்லுங்க. இறங்கினது ஏறிடும்” என்றார்.

[அடிக்குறிப்பு: ஏறிவிட்டது.]

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் அவரை மேஜையம்மா என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கணவன் மனைவிக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. மேஜைப் பக்கம் நாற்காலிக்காரர் வாய் திறக்கக் கூடாது. பட்டறைக்குள் மேஜையம்மா கால் வைக்கக் கூடாது. மேஜையம்மா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தின் விளைவு அது. அந்த வாரம் மேஜையில் உட்கார்ந்த நாற்காலிக்காரர், நல்ல ஆர்டரோடு வந்த ஒருவரிடம், “நீங்க ஒரு இடத்துல உட்கார்ற ஆளே இல்லை. உங்களுக்கு எதுக்குங்க நாற்காலி?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

3

மேஜையம்மாவை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

ஒரு பிரதியில் அவர் கலைஞனைப் புரிந்துகொள்ளாத கணக்குப்பிள்ளையாக வந்தார். அடுத்த பிரதியில் எல்லாவற்றையும் தாங்கும் தெய்வமாக வந்தார். இரண்டையும் அவரிடமே படித்துக் காட்டினால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் சிரிப்பார். பிறகு தெய்வத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்.

பேட்டியில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“எனக்கு நாற்காலி மேல ஒரு ஆசையும் கிடையாது சார். இவர் பொம்மை செஞ்சிருந்தா பொம்மைக்கு பில் போட்டிருப்பேன்.”

“அப்புறம் ஏன் முன்னாடி பார்த்த கப்பல் கம்பெனி வேலையை விட்டுட்டு வந்தீங்க?”

“செஞ்சதையெல்லாம் வீட்டுக்குள்ளயே நிறுத்தி வெச்சிருந்தார். குளியலறைக்குப் போக வழியில்லை. வித்துத் தள்ளலாம்னு வந்தேன். வந்தது வந்ததுதான்.”

இதைக் கேட்ட அன்று, இந்தக் கடையைக் கட்டியது யாருடைய ஆர்வம் என்று குறிப்பில் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். இன்னும் அது அங்கேயே நிற்கிறது.

4

நடந்தது இது.

ஒரு பெரிய மருத்துவமனை, நோயாளிகளும் கூட வந்தவர்களும் காத்திருக்கும் கூடத்துக்கு அறுபது நாற்காலிகள் கேட்டது. எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். மேஜையம்மா கையெழுத்துப் போட்டார். முழுப் பட்டறையும் இதற்கே தேவைப்படும் என்பதால் மற்ற வாடிக்கையாளர்களை வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மரம் வரத் தாமதமானது. வேலையில்லாமல் நாற்காலிக்காரர் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். “தாராளமா போயிட்டு வாங்க” என்று மேஜையம்மாதான் அனுப்பினார். காலைச் சுற்றும் ஓர் ஆள் குறைந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

நாற்காலிக்காரர் ஒரு வாரம் போனார். தன் கடைப் பெஞ்சைப் பார்ப்பதுபோலவே அந்தக் கூடத்தையும் பார்த்தார். மரம் வந்ததும் பட்டறைக்குள் போய்விட்டார். ஒப்பந்தப்படி மேஜையம்மா உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

வார்னிஷ் காய்வதற்காக எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்திய அன்றுதான் பார்த்தார். ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் கை.

“என்னங்க இது, குடும்ப போட்டோவா?”

நாற்காலிக்காரர் உற்சாகமாக விளக்கினார். “இது முட்டி மடக்க முடியாத ஒரு பெரியவர், அவருக்கு. இது நாள் முழுக்க மடியில குழந்தையை வெச்சிருந்த அம்மாவுக்கு. அதான் கை இல்லாம விட்டிருக்கேன், குழந்தை தலை இடிக்காது. இது கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டே இருந்தானே ஒருத்தன்...”

“அவங்க எல்லாரும் இன்னும் அங்கேயேவா உட்கார்ந்திருப்பாங்க?”

நாற்காலிக்காரர் வரிசையை ஒருமுறை திரும்பப் பார்த்தார்.

“அது ஆஸ்பத்திரிங்க. வர்றவன் எப்படா கிளம்பலாம்னு வருவான். நீங்க அவனுக்கு அளவெடுத்து நாற்காலி செஞ்சு வெச்சிருக்கீங்க.”

“அதே மாதிரி வேற ஆள் வருவாங்க” என்றார் அவர். அது இப்போதுதான் தோன்றியது என்பது குரலிலேயே தெரிந்தது.

மேஜையம்மா என்னிடம் போனில் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். “பழைய ஆபீஸ் மேனேஜர்கிட்ட பேசிட்டேன் சார். சீட்டு காலியா இருக்காம். இந்த நாற்காலிங்க திரும்பி வந்துச்சுன்னா திங்கட்கிழமை நான் அங்க போறேன். அப்புறம் மேஜை, பட்டறை ரெண்டையும் அவரே பார்த்துக்கட்டும்.”

மேஜையை அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது உங்களுக்குத் தெரியும்.

5

இதழாசிரியரிடம் நிலைமையைச் சொன்னேன்.

“தோத்துட்டாரா சார்?”

“இன்னும் இல்லை.”

“ஜெயிச்சா சொல்லுங்க. தோத்தா அதுக்கு வேற பக்கம் இருக்கு, ‘தவறும் பாடமும்’னு. ஆனா அது ஒரு பக்கம்தான்.”

எனவே இரண்டு முடிவுகளையும் முன்கூட்டியே எழுதிப் பார்த்தேன்.

இரண்டு பக்க முடிவு: நாற்காலிகள் கூடத்துக்குப் போகின்றன. முட்டி வலிக்காரர் உயரமானதில் அமர்கிறார், தாய் கையில்லாததில் அமர்கிறாள். தலைமை மருத்துவர் கண்கலங்குகிறார். மற்ற மருத்துவமனைகளும் வரிசையில்... (இது நடக்க வேண்டுமானால் மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரியை நான் முட்டாளாக்க வேண்டும். அவர் முட்டாள் அல்ல.)

ஒரு பக்க முடிவு: வேன் திரும்பி வருகிறது. திங்கட்கிழமை மேஜையம்மா கழுத்தில் கப்பல் கம்பெனியின் அட்டை. பூட்டிய கடைக்குள்ளே ஒரு மனிதர்... ஆர்வம் மட்டும் போதாது என்பதே... (எழுதி முடித்ததும் ஒரு திருப்தி வந்தது. பிறர் கடை மூடுவதில் பாடம் கிடைத்த திருப்தி. கிழித்துவிட்டேன்.)

6

நாற்காலிகளை இறக்கிய அன்று நானும் போனேன்.

கூடத்தில் அப்போதே ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால் இறக்க இறக்க உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் தனக்குரியதைத் தேடவில்லை. கிடைத்ததில் உட்கார்ந்தார்கள். முட்டி வலிக்காரருக்காகச் செய்ததில் ஒரு பள்ளிச் சிறுமி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலிக்காரர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

நான் மேஜையம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ரசீதோடு வாசலில் நின்றவர் திடீரென்று உள்ளே நடந்து, தாழ்ந்த நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போனார். “அண்ணே, எந்திரிங்க. இது உங்களுது இல்லை. அங்க போய் உட்காருங்க.” அவர் போனார். அடுத்து அந்தச் சிறுமி. அடுத்து, பையை வைக்க இடம் தேடிய ஒரு தாத்தா. ஒருவரை மாற்றினால் இன்னொருவரை மாற்ற வேண்டியிருந்தது. நிறுத்த முடியவில்லை அவரால்.

[ஆசை இல்லாதவர் என்று மூன்றாம் பகுதியில் எழுதியதைத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினேன்.]

அப்போது கொள்முதல் அதிகாரி வந்தார். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தார். “உட்கார சுகமாத்தான் இருக்கு. அதை நான் மறுக்கலை. நாளைக்கு ஒருத்தர், எனக்கு மட்டும் ஏன் குட்டை நாற்காலின்னு எழுதிக் குடுத்தா நான் என்னம்மா பதில் சொல்றது?”

மேஜையம்மா கையிலிருந்த ரசீதை மடித்தார்.

“திருப்பி அனுப்பவும் மனசு வரலை. ஒண்ணு செய்யுங்க. இருக்கிறதுலயே தாழ்ந்தது எதுவோ அதுக்குச் சமமா எல்லாத்தோட காலையும் அறுத்துடுங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

கடை பிழைக்கும். திங்கட்கிழமை மேஜையம்மா தன் மேஜையிலேயே இருப்பார். அதிகாரி கருணையோடுதான் சொன்னார்.

நாற்காலிக்காரர் சுவரை விட்டு வந்தார். நான் ஒரு சண்டையை எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்தேன். அவர் மனைவியிடம், “நீ சொல்லு. நீ அறுக்கச் சொன்னா அறுக்கறேன்” என்றார்.

மேஜையம்மா என் பக்கம் திரும்பி, கணவருக்குக் கேட்காத குரலில், “அறுத்துருவார் சார். சத்தமில்லாம அறுத்துருவார். அதுக்கப்புறம் பட்டறைக்குள்ள போற ஆள் இவரா இருப்பாரான்னுதான் தெரியலை” என்றார்.

7

இந்த இடத்தில் மேஜையம்மா பதில் சொல்ல வேண்டும். பலமுறை எழுதிப் பார்த்தேன்.

‘“அறுங்க” என்றார்.’ எழுதியதும் கதை புத்திசாலித்தனமாக மாறிவிட்டது.

‘“வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போகலாம்” என்றார்.’ வீரமாக மாறிவிட்டது. திங்கட்கிழமை அவர் எங்கே போவார் என்பதை வீரம் சொல்லவில்லை.

இரண்டும் அவர் குரலில் ஒட்டவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். இருப்பதிலேயே தாழ்ந்த நாற்காலி, எதை அளவாக வைத்து மற்றதை அறுக்க வேண்டுமோ அது, முதல் பிரதியில் காலியாக இருந்தது. இப்போது அதில் ஒரு பெண்மணி தூங்குகிறார். நான்தான் கொண்டுவந்து உட்கார வைத்தேன். மடியில் பை, பை மேல் இரண்டு கைகள், லேசாகத் திறந்த வாய்.

மேஜையம்மா அவரைப் பார்த்தார்.

“முதல்ல அவங்க எந்திரிக்கட்டும்” என்றார்.

“எழுப்பினா ஆச்சு” என்றார் அதிகாரி.

“நீங்களே எழுப்புங்க சார்.”

அதிகாரி ஓரடி எடுத்து வைத்தார். தூங்குகிறவரின் முகத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“முதுகுப் பலகையை இன்னும் கொஞ்சம் சாய்வா வெச்சிருக்கலாம்” என்றார் நாற்காலிக்காரர்.

“வாயை மூடுங்க” என்றார் மேஜையம்மா. “மெதுவா பேசுங்க.”

கூடம் முழுக்க நாற்காலிகள். மூன்று பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். வேன் ஓட்டுநர் வாசலிலிருந்து ஏற்றுவதா கிளம்புவதா என்று கையால் கேட்கிறார். இதழாசிரியர் எத்தனை பக்கம் ஒதுக்குவது என்று கேட்டு இரண்டு முறை அழைத்துவிட்டார்.

அந்தப் பெண்மணியை நான் எழுப்பப்போவதில்லை. அவருக்கு வேண்டியவர் யார் உள்ளே படுத்திருக்கிறார், எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்றெல்லாம்கூட நான் எழுதவில்லை. உங்களுக்கு முடிவு தெரிந்தாக வேண்டுமென்றால் நீங்களே போய் அவர் தோளைத் தொடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவர் கண் திறந்த அடுத்த நொடி மேஜையம்மா உங்களைத்தான் பார்ப்பார். என்ன சொல்வதென்று தெரிந்துகொண்டு போங்கள்.