ஏழாவது கேள்விக்கு மாதிரி விடை

“வேலையில் எல்லாம் கெட்டுப்போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ராலிட்சா ஏழாவது கேள்வியைக் கேட்டாள். வேலைக்கான நேர்முகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் எழுதியதை அவளிடமே ஒப்பிக்கத் தொடங்கினான்.

“எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார். சோதனைக் கணினின்னு நெனச்சு, நிஜமா ஓடிக்கிட்டிருந்த கணினியிலயே அழிக்கிற கட்டளையைப் போட்டுட்டார். பஸ் டிக்கெட் பதிவு அத்தனையும் போச்சு. ‘நீங்க போய் காபி வாங்கிட்டு வாங்க’ன்னு அவரை அனுப்பிட்டு, அவர் நாற்காலியில நான் உக்காந்தேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் மீட்டுட்டேன்.”

“அவர் பேர் என்ன?” என்று கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது.

“பேரா? ம்... காமென்.”

ராலிட்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கட்டுரையில் பெயரே கிடையாது. அவசரத்துக்கு வாயில் வந்த பெயரை அவன் சொல்லியிருப்பான், பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் காமென்களுக்கா பஞ்சம்?

ராலிட்சா பகலில் தரவுத்தளம் பார்ப்பவள், ஆள் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தாளர். கணினி வேலைக்கு எப்படிப் போவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், எதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று பல்கேரிய மொழியில் எழுதி, சந்தா கட்டியவர்களுக்கு இணையத்தில் அனுப்புவாள். அந்த வரும்படியில்தான் வீட்டுக்குப் புது ஜன்னல்கள் வந்தன, அம்மாவுக்குப் பல் கட்டியதும் அதில்தான். எல்லாவற்றிலும் அதிகம் படிக்கப்பட்டது ஏழாவது கேள்விக்கு அவள் எழுதிய மாதிரி விடை. இந்த வருடம் மட்டும் பதினோரு பேர் அதை அவள் முகத்துக்கு நேரே ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தூக்கம் போனது.

ஏனென்றால் அந்தக் கட்டளையைப் போட்டவள் அவள்.

அன்று அவள் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான். பக்கத்து நாற்காலிக்காரன் காமென் பத்து வருடமாக அங்கே பழம் தின்று கொட்டை போட்டவன். திரையை எட்டிப் பார்த்தான். “ஏய் ராலி, எந்திரி. போய் காபி வாங்கிட்டு வா. நீ வரும்போது இது நான் பண்ணினதா இருக்கும். என்னைத் திட்டுவாங்க, உன்னைன்னா தொரத்திடுவாங்க” என்றான். அவள் இரண்டு கோப்பைகளோடு திரும்பியபோது, ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்த மேலாளர் யோஸ்ட் அங்கே நின்றுகொண்டிருந்தார். “இது நீ செய்ததா?” என்று அவளைத்தான் முதலில் கேட்டார்.

அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அந்த ஊரில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்; மேலும் கீழும் அசைத்தால்தான் ‘இல்லை’. யோஸ்டின் ஊரிலோ நேர்மாறு. அவர் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு காமென் பக்கம் திரும்பினார். “நான்தான்” என்றான் அவன். திட்டோடு போகும் என்று அவன் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அன்றே வேலை போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் உண்மையைத்தான் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை என்று ராலிட்சா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து நாற்காலிகளை மாற்றிப் போட்டு அந்தக் கட்டுரையையும் எழுதினாள். அடுத்த குளிர்காலத்தில் காமெனின் இதயம் மாடிப்படியில் நின்றுபோனது.

ஊர் வழக்கப்படி, அவன் குடியிருந்த கட்டடத்தின் வாசற்கதவில் படத்தோடு இரங்கல் தாள் ஒட்டினார்கள். நாற்பதாம் நாள் புதிது, ஆறாம் மாதம் புதிது, போன வாரம் ஆண்டு நிறைவுக்கு இன்னொன்று. படம் ஆபீஸ் சுற்றுலாவில் எடுத்தது. ஓரத்தில் யாருடைய தோளோ பாதி தெரியும். அது தன் தோள் என்று ராலிட்சாவுக்குத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அந்தக் கதவு கண்ணில் படாமலிருக்க அவள் பஸ் நிறுத்தத்தையே மாற்றிக்கொண்டாள்.

அன்று இரண்டாவதாக வந்தவள் நெவேனா, முப்பது வயது இருக்கும். ராலிட்சா வழக்கம்போல இரண்டு காபி கொண்டுவந்து வைத்தாள். சுவர்த்திரையில் யோஸ்ட் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் நெவேனா டாண் டாண் என்று பதில் சொன்னாள். ஏழாவது கேள்வி வந்தது.

“இது எனக்கு நடந்ததில்ல, என் அண்ணனுக்கு நடந்தது” என்றாள் நெவேனா. “பக்கத்துல ஒரு பொண்ணு தப்பு பண்ணிட்டா. அவளைக் காபி வாங்க அனுப்பிட்டு, அவ நாற்காலியில இவன் உக்காந்தான். அவ ரெண்டு கோப்பையோட வந்தா. கீழ வைன்னு யாரும் சொல்லல. ரெண்டும் ஆறி ஆடை கட்டுற வரைக்கும் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாளாம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.”

 அந்த இரண்டு கோப்பைகளைப் பற்றி ராலிட்சா எங்கேயும் எழுதியதில்லை. அதைக் கவனித்தவன் காமென் ஒருவன்தான்.

“அருமை” என்றார் யோஸ்ட், கடிகாரத்தைப் பார்த்தபடி. “எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?”

“ஒண்ணே ஒண்ணு” என்று நெவேனா ராலிட்சா பக்கம் திரும்பினாள். “அந்தப் பொண்ணு நீங்கதானே?”

ராலிட்சாவின் தலை தானாக இடமும் வலமும் ஆடியது.

“இல்லை என்கிறார். சரி, நன்றி, தகவல் சொல்கிறோம்” என்றார் யோஸ்ட்.

நெவேனா எழுந்திருக்கவில்லை. இப்போது சொந்த மொழியில் பேசினாள். “அன்னைக்கும் இதேதான் பண்ணீங்க, ராலி.” அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டவன் ஒருவன்தான். “நீங்க எழுதினதை அண்ணன் படிச்சான். ‘அவ நல்லவ, அவசரப்படுத்தாதே, அவளே ஒருநாள் மாத்திச் சொல்லுவா’ன்னான். ஒரு வருஷம் பொறுத்தேன். படத்துல உங்க தோளை வெட்டாம விட்டதும் நான்தான். எனக்கு இந்த வேலை வேணாம். இவருக்குத் தலையாட்டினா புரியாது, வாயால சொல்லுங்க.”

ராலிட்சா வேலையை நினைத்தாள், சந்தாக்காரர்களை நினைத்தாள். திரையில் யோஸ்டின் கை அழைப்பை முடிக்க நீண்டது.

“யோஸ்ட், வெச்சுடாதீங்க” என்றாள், அவருக்குப் புரியும் மொழியில். “நான்தான்.”

“எது நீ?”

இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அடுத்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். அவன் வாயில் காமென் இன்னும் காபி வாங்கப் போய்க்கொண்டிருந்தான்.